வகுப்புக்கு வந்தால் மார்க் வருமா?

பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கும்போது மருத்துவக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். ரோல் நம்பர், பாடம், தியரி சதவீதம், பிராக்டிகல் சதவீதம். சில எண்களுக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு நேராக ஹாஸ்டலுக்குப் போய், சாப்பிடக்கூட வராமல் படுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. மறுநாள் ஊரிலிருந்து அப்பா வந்துவிடுவார். துறைத் தலைவர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். "நல்லாப் படிக்கிற பையன்தான் சார், எப்படியோ வருகை குறைஞ்சுபோச்சு" என்பார்.

உடலியங்கியல் துறையில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த அப்பா பொய் சொல்வதில்லை. அவர் சொல்வதில் ஒரு நல்ல கேள்வியும் இருக்கிறது. நன்றாகப் படிக்கிறவனுக்கு வருகை குறையுமா? வகுப்புக்கு ஒழுங்காக வந்துவிட்டால் மார்க் தானாக வந்துவிடுமா? இந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்த பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி, பல்கலைக்கழகத் தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் தியரி வகுப்புகளில் 75 சதவீதமும், பிராக்டிகல் மற்றும் கிளினிக்கல் வகுப்புகளில் 80 சதவீதமும் வருகை வேண்டும். கல்லூரியே நடத்தும் இன்டர்னல் தேர்வுகளின் மதிப்பெண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. தியரியும் பிராக்டிகலும் சேர்த்து 50 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், தனித்தனியாகப் பார்த்தால் 40-க்குக் குறையக் கூடாது.

இந்த 75-ஐ வேறு மாதிரி சொன்னால் சட்டென்று புரியும். ஒரு வகுப்பை விட்டால் அதற்கு ஈடாக மூன்று வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். 80 என்றால் ஒன்றுக்கு நான்கு. இதுவரை 60 வகுப்பு நடந்து, நீங்கள் 36-க்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருகை 60 சதவீதம். "இன்னும் பதினைந்துதானே, அடுத்த மாதம் பிடித்துவிடலாம்" என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். விட்டது 24. ஒன்றுக்கு மூன்று வீதம் 72 வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். கையில் இருப்பது 36. ஆக, இனி 36 வகுப்புகளுக்கு ஒன்றுகூட விடாமல் வந்தால்தான் 75-ஐத் தொட முடியும். நடுவில் ஒரு காய்ச்சல் வரக் கூடாது, அக்கா கல்யாணம் இருக்கக் கூடாது. பள்ளம் சறுக்குவதற்கு எளிது, ஏறுவதற்கு மூன்று மடங்கு. முதலாமாண்டுப் பிள்ளைகளில் பலர் இந்தக் கணக்கை ஒன்பதாவது மாதத்தில்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

சரி, விதி இருக்கட்டும். வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. 2010-இல் மார்கஸ் கிரெடே என்ற உளவியலாளரும் அவருடைய இரண்டு சகாக்களும், கல்லூரி மாணவர்களைப் பற்றி அதுவரை வந்திருந்த பல ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மருத்துவம் மட்டுமில்லை, எல்லாப் பாடப்பிரிவும் அதில் உண்டு. வகுப்பு வருகையையும் அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணையும் இணைத்துப் பார்த்தவை மட்டும் 69 தொகுப்புகள், 21,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.44 என்று வந்தது.

ஒட்டுறவு என்ற சொல்லைப் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்தவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு விஷயங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண் அது. 0 என்றால் தொடர்பே இல்லை. 1 என்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் இன்னொன்றை அப்படியே சொல்லிவிடலாம். ஒன்று ஏற ஏற மற்றது இறங்கினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளில் 0.44 என்பது சின்ன எண் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைவிட, வகுப்பு வருகை கல்லூரி மதிப்பெண்ணை நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

ஆனால் இந்த எண்ணை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். அதை அதாலேயே பெருக்குங்கள். 0.44 பெருக்கல் 0.44, ஏறத்தாழ 0.19. வகுப்பில் ஒருவர் 80 வாங்குகிறார், இன்னொருவர் 45 வாங்குகிறார், இப்படி மதிப்பெண்கள் சிதறிக் கிடக்கின்றன அல்லவா? அந்தச் சிதறலில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகையோடு சேர்ந்து நகர்கிறது என்று இதற்கு அர்த்தம். மீதி நான்கு பங்கு வேறு எங்கோ இருக்கிறது. எப்படிப் படிக்கிறார், எத்தனை மணி நேரம் தூங்குகிறார், ஆங்கிலம் எவ்வளவு கைவந்திருக்கிறது, வீட்டில் என்ன கவலை, தேர்வன்று என்ன கேள்வி வந்தது, எல்லாம் அதில் அடக்கம்.

அப்புறம், சேர்ந்து நகர்கிறது என்பதாலேயே ஒன்று மற்றதை நகர்த்துகிறது என்று ஆகிவிடாது. இங்கேதான் பெற்றோரும் சரி, என்னைப் போன்ற ஆசிரியர்களும் சரி, அடிக்கடி தடுமாறுகிறோம்.

காலை எட்டு மணி வகுப்புக்குத் தினமும் முன் பெஞ்சில் வந்து உட்காரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் பொறுப்பானவள். அந்தப் பொறுப்புதான் அவளை எட்டு மணிக்கு எழுப்பி அழைத்து வருகிறது. அதே பொறுப்புதான் அன்று நடத்தியதை இரவே ஒருமுறை புரட்டவும் வைக்கிறது. வருகை, மதிப்பெண் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்த இரண்டு கிளைகள். அவள் ஒரு மாதம் வகுப்புக்கு வராமல் போனால் மதிப்பெண் எவ்வளவு குறையும் என்பதை இந்த ஒட்டுறவு சொல்லாது.

அம்பு எதிர்த் திசையிலும் பாயலாம். வராததால் மார்க் குறைந்தது என்று நினைத்துக்கொண்டிருப்போம். மார்க் குறைந்ததால் வராமல் போயிருப்பார். முதல் இன்டர்னலில் 100-க்கு 28 வாங்கிய பையன், பேப்பரைக் கொடுத்த ஆசிரியர் முகத்தை மறுபடி பார்க்கக் கூச்சப்பட்டுப் பின் பெஞ்சுக்குப் போவான். பிறகு வராண்டாவுக்கு. பிறகு அறையிலேயே இருந்துவிடுவான். வருஷக் கடைசியில் பட்டியலைப் பார்க்கும் யாருக்கும் எது முதலில் நடந்தது என்று தெரியாது.

நம் கல்லூரிகளில் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் சிக்கலானது. 75-க்குக் கீழே போனவர்களைத் தேர்வு எழுதவே விடுவதில்லை. ஆகவே தேர்வு முடிவுகளை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்தால், கையில் கிடைப்பவர்கள் எல்லோரும் 75-க்கும் 100-க்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவர்கள். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் அளந்தால், உயரம் கூடினால் எடை கூடும் என்பது பளிச்சென்று தெரியும். ஏழாம் வகுப்பை மட்டும் அளந்தால் அதே தொடர்பு மங்கிப்போகும். அந்தத் தொடர்பு எங்கும் போய்விடவில்லை. நாம் பார்த்த ஜன்னல்தான் குறுகல். "எங்கள் கல்லூரியில் வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு இல்லை" என்று யாராவது சொல்லக் கேட்டால், அங்கே ஜன்னல் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள்.

அது போக, பதிவேட்டில் இருக்கும் 'பி' எல்லாம் நிஜமாக வந்த ஆள்தானா? 150 பேர் இருக்கும் அரங்கில் எண்ணைக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நண்பனுக்காகக் குரலை மாற்றி "பிரசென்ட் சார்" சொல்வது நேற்று இன்று வந்த பழக்கம் இல்லை. வந்தவரும் வராதவரும் பதிவேட்டில் ஒன்றாகிவிட்டால், இருக்கிற தொடர்பும் கலங்கித் தெரியும்.

அப்படியானால் வகுப்பு என்பதே மதிப்பெண்ணைக் கூட்டுகிறதா என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? மருந்தைச் சோதிப்பது போலச் சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரை "நீ வகுப்புக்குப் போகாதே" என்று நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் ஓர் அழகான வழியைச் சிலர் கண்டுபிடித்தார்கள். கலிபோர்னியாவில் கார்லோஸ் டாப்கின் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளாதார வகுப்புகளில், இடைத்தேர்வில் வகுப்பின் நடு மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கியவர்களுக்கு மட்டும் அதன்பின் வருகை கட்டாயம். மேலே வாங்கியவர்களுக்கு விருப்பம்.

இப்போது அந்தக் கோட்டுக்கு ஒரு மார்க் கீழே நிற்பவரையும் ஒரு மார்க் மேலே நிற்பவரையும் நினைத்துப் பாருங்கள். திறமை, பொறுப்பு, குடும்பச் சூழல் எதிலும் இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை. ஒருவர் வந்தே ஆக வேண்டும், மற்றவர் வராமல் இருக்கலாம், வித்தியாசம் அவ்வளவுதான். இறுதித் தேர்வில் இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டால் வகுப்பின் பங்கு தனியாகப் பிரிந்து வந்துவிடும். வருகை 10 சதவீதப் புள்ளி கூடியதற்கு மதிப்பெண் 0.17 திட்ட விலக்கம் உயர்ந்தது என்று கண்டார்கள். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் அளவுதான் திட்ட விலக்கம். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து ஏறத்தாழ பத்து மார்க் இங்குமங்கும் சிதறியிருக்கும் ஒரு தேர்வில், இது 1.7 மார்க். கேட்கச் சின்னதாக இருந்தாலும், 48-இல் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அது சின்னது இல்லை.

கட்டாயம் என்ற விதியைப் பற்றி மட்டும் கிரெடே குழு தனியாகப் பார்த்தபோது அவர்களுக்குக் கிடைத்த தொகுப்புகள் மூன்றே மூன்று. பலன் உண்டு, ஆனால் சிறியது. அதே பத்து மார்க் சிதறலில் ஏறத்தாழ இரண்டு மார்க். பாரசிட்டமால் கொடுத்தால் தெர்மாமீட்டரில் எண் இறங்கும், உடம்பு வலியும் கொஞ்சம் குறையும், கிருமி உள்ளேயே இருக்கும். வருகையை மட்டும் விரட்டிப் பிடிக்கும் விதிகளைப் பற்றி என் எண்ணமும் இதுதான். விதி வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று நாங்கள் உட்கார்ந்துவிடக் கூடாது.

இதுவரை சொன்னது எல்லாப் படிப்புக்கும் பொருந்தும். மருத்துவப் படிப்பில் 'வகுப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, அரங்கில் நடக்கும் விரிவுரை. இதற்கு மாற்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகள் விரிவுரைகளைப் பதிவு செய்து மாணவர்களுக்குத் தந்துவிடுகின்றன. அங்கே இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் ஆண்டுதோறும் நடக்கும் கணக்கெடுப்பில், 2017-இல் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் இரண்டு ஆண்டு விரிவுரைகளுக்கு நேரில் போனதே அரிது என்று சொன்னார்கள். அவர்கள் படிக்காமல் இல்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ ஓடவிட்டு, அறையில் உட்கார்ந்து கேள்வி வங்கிகளைப் போட்டுப் பார்த்தார்கள். வெர்மாண்ட் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி விரிவுரை முறையையே கைவிடுவதாக அறிவித்தது. நம் நாட்டு விதியும் விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மீதி கலந்துரையாடல், செய்முறை, வார்டு என்று இருக்க வேண்டும் என்கிறது.

விரிவுரையிலும் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு தொகுத்தது. ஆசிரியர் மட்டும் பேசிய வகுப்புகளில் 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களையும் யோசிக்கவும் பேசவும் வைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். ஒரு மணி நேரம் ஸ்லைடைப் படித்துக் காட்டிவிட்டு "ஏன் வகுப்புக்கு வருவதில்லை" என்று பிள்ளைகளைக் கேட்க எங்களுக்கு அவ்வளவு உரிமை இல்லை.

இரண்டாவது சங்கதி வார்டு. இதற்கு மாற்று கிடையாது. நான் மூன்றாம் ஆண்டில் மெடிசின் போஸ்டிங்கில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மண்ணீரல் வீக்கத்தைப் பற்றிப் புத்தகத்தில் நான்கு முறை படித்திருந்தேன். வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி, குறுக்காக இடது விலா எலும்பை நோக்கிக் கையை நகர்த்த வேண்டும், ஒவ்வொரு நகர்வுக்கும் நோயாளியை மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அன்று கட்டிலில் இருந்தவர் நாற்பது வயது செங்கல் சூளைத் தொழிலாளி. நான் கையை அழுத்தி வைத்து, "ஒண்ணுமில்ல சார்" என்றேன். யூனிட் ஆசிரியர் என் கைமேல் தன் கையை வைத்தார். "தேடிப் போகாதே. விரலை அங்கேயே வை. அவர் மூச்சு இழுக்கட்டும், அதுவே வந்து உன்னைத் தொடும்" என்றார். அந்த மனிதர் ஆழ மூச்சிழுத்தார். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மெதுவாக இறங்கி வந்து என் ஆள்காட்டி விரல் ஓரத்தில் இடித்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்த விளிம்பு இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

அன்று காலை நான் அறையில் உட்கார்ந்து அதே அத்தியாயத்தை ஐந்தாம் முறை படித்திருந்தால், எழுத்துத் தேர்வில் எனக்கு ஒரு மார்க்கும் குறைந்திருக்காது. மதிப்பெண்ணை வைத்து வருகையின் பயனை அளக்கும் ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் உள்ள பெரிய போதாமை இதுதான். தேர்வு எதை அளக்கிறதோ அதில்தான் பலன் தெரியும். விரலுக்குத் தெரிந்தது விடைத்தாளில் வராது. தியரிக்கு 75, வார்டுக்கு 80 என்று விதி பிரித்து வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கலாம்.

வகுப்புக்கு வந்தும் மார்க் வராத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் அதை மூடி வைத்துவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. எட்டு மணி வகுப்பு முடிந்து மெஸ்ஸுக்கு நடக்கும் வழியில், நடத்தியதில் மூன்று விஷயத்தை நோட்டைத் திறக்காமல் நண்பனிடம் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் அது எது என்று அங்கேயே தெரிந்துவிடும். வகுப்பில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்கு இந்த ஐந்து நிமிடம்தான் உயிர் கொடுக்கிறது.

கடைசியாக, அந்தச் சிவப்புக் கோட்டுக்குத் திரும்ப வருகிறேன். தேர்வுக்கு முன் வரும் அந்தப் பட்டியல் தாமதமானது. அது போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் மாதிரி. வருகைப் பதிவேட்டை நான் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். கட்டிலின் காலில் தொங்கும் காய்ச்சல் சார்ட்டைப் பார்ப்பது போல, சனிக்கிழமைதோறும். மொத்த சதவீதத்தைவிட, நேற்று வரை வந்துகொண்டிருந்தவர் திடீரென்று தொடர்ந்து வராமல் போவதுதான் எனக்கு முக்கியம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மாணவி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதல் இரண்டு மாதம் ஒரு வகுப்புகூட விடவில்லை. மூன்றாம் மாதம் வரிசையாக ஆறு வகுப்பு இல்லை. துறைக்கு வரச் சொன்னேன்.

"என்னம்மா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கிளாஸ்ல எல்லாரும் தலையாட்டறாங்க சார். எனக்கு மட்டும் ஒண்ணும் புரியல. புரியாம அங்க உக்காந்திருக்கறதுக்கு, ரூம்ல டிக்‌ஷனரி வெச்சு ஒரு பக்கமாவது படிக்கலாம்னு…"

அவளுக்கு நெஃப்ரான் தெரியும், சிறுநீரகத்தில் இரத்தம் வடிகட்டப்படும் விதம் தெரியும். தமிழில் கேட்டபோது தடங்கலில்லாமல் சொன்னாள். தெரியாதது நான் வேகமாகப் பேசிய ஆங்கிலம். மறுவாரத்திலிருந்து, மறுநாள் வகுப்பில் வரப்போகும் இருபது சொற்களை முந்தின நாள் மாலையே போர்டில் தமிழ் அர்த்தத்தோடு எழுதிப் போட ஆரம்பித்தேன். அவளுக்காகத்தான் எழுதினேன். முதல் நாள் மாலை போய்ப் பார்த்தபோது போர்டு முன்னால் பதினோரு பேர் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.